பிரம்பில்லாத பள்ளிக்கூடம்

தோட்டத்து நாய்களுக்குச் சிறு ஓசையொன்றால் பாடம் சொல்லும் முறையும், ஊவாவுக்கு அதனால் விளையக்கூடிய நன்மையும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுல மலைச்சரிவை நோக்கி ஏறுகிற பாதையோரத் தோட்டங்களில், நாளைக்கு 'நாய் ஊசி' போடுகிறார்கள் என்ற செய்தி முதல்நாள் மாலையே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் பரவிவிடும். மறுநாட் காலையில் டிஸ்பென்சரி முற்றத்தில் கூடும் கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே, கொழுந்துக்குப் புறப்பட்ட பெண்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சற்று நிற்பார்கள். தாம்புக் கயிற்றிலும் பழைய சேலைக் கிழிசலிலும் கட்டி இழுத்துவரப்படும் நாய்கள் நான்கு காலையும் மண்ணில் ஊன்றிக் கழுத்து நெரிய நெரியப் பின்வாங்குகின்றன. ஒரு பையன் தன் குட்டியை உரச்சாக்குக்குள் போட்டுத் தோளில் தூக்கி வருகிறான். கிழவரொருவர் தம் நாயின் வாயைத் துண்டால் கட்டி முடிப்பதற்குள் அதன் பல் அவர் பெருவிரலில் பதிந்துவிடுகிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்து மறைந்த செவலை நாயை அதன் சொந்தக்காரி முதலில் கெஞ்சிக் கூப்பிடுகிறாள், பிறகு அதட்டிக் கூப்பிடுகிறாள், கடைசியில் குனிந்து கல்லை எடுக்கிறாள். ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊசி போடுபவர் காத்திருக்கிறார்.

எப்போதாவது, அதே வரிசையில், கயிறில்லாத நாயொன்றும் நிற்கக் காணலாம். முறை வந்ததும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையொன்று 'இரு' என்று மெல்லச் சொல்ல, அது உட்காருகிறது; தொடையைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறதேயன்றி உறுமவில்லை; ஊசி ஏறி இறங்கியதும் கிடைத்த நெத்தலித் துண்டைத் தின்றுவிட்டு எழுந்து போகிறது. அந்த நாய் பிறவியிலேயே சாது என்று கூட்டம் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அந்தக் கால் நிமிஷ அமைதிக்குப் பின்னால், நாளொன்றுக்குச் சில நிமிஷமாகச் சில வாரம் நடந்த பாடம் ஒன்று இருக்கிறது.

மேனாட்டில் 'கிளிக்கர்' பயிற்சி என்று வழங்கும் அந்தப் பாடமே இக்கட்டுரையின் விஷயம். அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் கையடக்கமான கருவியொன்றும், அவ்வொலியைத் தவறாமல் தொடர்ந்து வரும் ஒரு துணுக்கு உணவும் தவிர அதற்கு வேறு உபகரணம் கிடையாது. நாய்க்கடியைப் பற்றியும் தெருநாய்ப் பெருக்கத்தைப் பற்றியும் பத்திரிகையிலும் பஸ்ஸிலும் ஓயாமல் விவாதம் நடக்கிற இந்நாளில், நாய்களை என்ன செய்வது என்று கேட்பவர் பலராகவும், அவற்றுக்கு என்ன கற்பிக்கலாம் என்று கேட்பவர் மிகச் சிலராகவும் இருக்கின்றனர். இரண்டாவது கேள்விக்கு விடை தேடினால் முதற் கேள்வியின் சங்கடத்திலும் பெரும்பகுதி தீரும் என்பதும், அதற்கு ஊவாவின் லயங்களைப் போலத் தகுந்த களம் வேறில்லை என்பதும் நம் அபிப்பிராயம்.

ஓசை வந்த வழி

பயிற்சி பெற்ற நாய் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன, கண்டி அஸ்கிரியவில் இயங்கிவரும் பொலிஸ் நாய்ப் பிரிவும், துரைமார் பங்களாக்களில் வளர்ந்த சீமை நாய்களுமே. சாதாரண நாட்டு நாய்க்கும் வித்தை வரும் என்பதை நிரூபித்த விஞ்ஞானம், பரிசோதனைச் சாலைகளில், பெரும்பாலும் வேறு ஜந்துக்களிடமிருந்து பிறந்தது.

நாயின் உமிழ்நீர் உணவைக் கண்டு மாத்திரமன்றி உணவின் முன்னறிவிப்பான ஓசையைக் கேட்டும் சுரக்கும் என்று காட்டிய ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவின் பரிசோதனை உலகறிந்தது. பூட்டிய பெட்டிக்குள் பூனைகளை அடைத்து, அவை தாழை நீக்கி வெளியேறக் கற்கும் விதத்தை 1898இல் ஆராய்ந்த அமெரிக்கரான எட்வர்ட் தார்ண்டைக், இன்பம் பயக்கும் செயலை ஜீவன் மறுபடியும் செய்யும் என்ற நியதியை வகுத்தார். அதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர், 1938இல் தம் முதற் பெருநூலை வெளியிட்ட பி. எப். ஸ்கின்னர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவரோடு சேர்ந்து புறாக்களைப் பழக்கிய கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் என்ற தம்பதி, பரிசோதனைச் சாலையை விட்டு வெளியேறி, மிருகங்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டு, ஆர்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் 1955இல் திறந்த காட்சிசாலையில் கோழிகளும் வாத்துகளும் பியானோக் கட்டைகளைத் தட்டுவதைப் பார்க்க ஜனங்கள் திரண்டனர். ஓசைக் கருவியின் கதை வேறு: 1944 ஜூன் மாதத்தில் நார்மண்டியில் பாரசூட்டில் குதித்த அமெரிக்கச் சிப்பாய்கள் இருளில் தம்மவரை அடையாளங் காண்பதற்குப் பயன்படுத்திய 'டிக்' ஒலிக்கும் சிறு பொம்மையும், பின்னாளில் நாய்களுக்குப் பாடம் சொல்லப் பயன்பட்ட பொம்மையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இம்முறை பொதுஜனங்களின் வீட்டு வாசலுக்கு வந்ததில் கரென் பிரையர் என்ற பெண்மணிக்குப் பெரும் பங்குண்டு. 1960களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய அவர், கழுத்தில் கயிறு கட்டவும் முடியாத, பிரம்பால் அடிக்கவும் முடியாத, மனம் வெறுத்தால் நீந்தி அப்பால் போய்விடக்கூடிய ஒரு பிராணியிடம் பயமுறுத்தல் செல்லாது என்பதை அறிந்து, விசில் ஓசையையும் மீனையும் மாத்திரமே நம்பினார். கயிறு கட்ட முடிந்த பிராணிக்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் என்ன என்று கேட்டு அவர் எழுதிய நூல் 1984இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் நாய் பழக்குவோர் கூட்டங்களில் 'டிக்' ஓசை கேட்கத் தொடங்கியது. இன்று தான்சானியாவில் 'அபோபோ' என்ற நிறுவனத்தார் பெரிய எலிகளுக்கு இதே ஓசையால் வெடிமருந்தின் வாசனையைக் கற்பிக்கின்றனர். அவ்விதம் பழகிக் கம்போடியாவில் கண்ணிவெடி தேடிய மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரிட்டிஷ் நிறுவனமொன்றின் தங்கப் பதக்கமே கிடைத்தது.

க்ஷணத்தின் அருமை

இந்த ஓசைக்கு என்ன அவசியம்? அன்பாகச் சொல்லி ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்தால் போதாதா? லயத்தில் அன்றாடம் நடக்கிற ஒரு சம்பவமே இதற்கு விடை சொல்லும்.

பொழுது சாய்கிற நேரத்தில் நாய் தேயிலை மலைக்குள் போய்விடுகிறது. வீட்டுக்காரர் வாசலில் நின்று 'வா, வா' என்று கால்மணி நேரமாகக் கூப்பிடுகிறார். காட்டுப்பன்றியின் தடத்தை முகர்கிற ஆவலில் மூழ்கியிருந்த அது, கடைசியில் வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நிற்கிறது; வந்ததும் முதுகில் விறகுக்கட்டையால் ஓர் அடி விழுகிறது. எதற்காக அடித்தோம் என்பது அடித்தவருக்குத் தெரியும், பக்கத்துக் காம்பிராக்காரருக்கும் தெரியும். அடிபட்ட நாய்க்கு மாத்திரம் தெரியாது. அது அறிந்ததெல்லாம், கூப்பிட்ட குரலுக்கு இணங்கி வந்தபோது அடி கிடைத்தது என்பதே. நாளைக்கு அதே குரல் கேட்கையில் அது இன்னும் தூரத்தில் நிற்கும். வீட்டுக்காரர் இன்னும் பெரிய கட்டையாகத் தேடுவார். இப்படியாக, வராமலிருப்பதற்கு ஒரு நாயைச் சிரத்தையோடு பழக்கிவிட்டு, அது சொல் கேட்பதில்லை என்று நாம் வருந்துகிறோம்.

சன்மானம் கொடுப்பவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. நாய் உட்காருகிறது, மடியிலிருந்து நெத்தலியைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்து, மேலே தாவி, குரைத்தும் விடுகிறது. இப்போது வாய்க்குள் போன நெத்தலி உட்கார்ந்ததற்கா, தாவியதற்கா, குரைத்ததற்கா என்று அது எங்ஙனம் அறியும்? செயலும் பயனும் நாயின் மனத்தில் ஒன்றோடொன்று பிணைய வேண்டுமானால் இரண்டுக்கும் இடையிலுள்ள காலம் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். மனிதனுடைய கை அவ்வளவு வேகமுள்ளதன்று.

இந்த இடைவெளியைத்தான் ஓசை நிரப்புகிறது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை துண்டில் எழுதுகிற இலக்கத்துக்கு ஒப்பானது அது. சம்பளம் மாத முடிவில் வந்தாலும், எந்தக் கூடைக்கு எத்தனை கிலோ என்பது அந்த நிமிஷமே பதிவாகிவிடுகிறதல்லவா? நாயின் பின்புறம் தரையைத் தொடும் க்ஷணத்தில் 'டிக்' ஒலித்துவிட்டால், உணவு இரண்டு மூன்று விநாடி கழித்து வந்தாலும், எதற்காக வந்தது என்பதில் அதற்குச் சந்தேகம் எழாது. மனிதக் குரலில் அன்றைய கோபமும் களைப்பும் கலந்து வருவதைப் போல இந்த ஒலியில் எதுவும் கலப்பதில்லை. வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படாத ஒலியாகையால், நாய்க்கு அது ஒரே ஓர் அர்த்தத்தையே தருகிறது.

ஜாம் போத்தல் மூடி போதும்

கொழும்புக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கருவி லயத்துக்கு வந்துசேர வேண்டுமென்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. நடுவில் அழுத்தினால் 'டொக்' என்று உள்வாங்கி மீளும் ஜாம் போத்தல் மூடியோ, பொத்தானைத் தட்டி எழுதும் பேனையோ அதே வேலையைச் செய்யும். நாய் ஓசைக்கு அஞ்சுமாயின் மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டால் ஒலி மெலியும்.

உணவு விஷயத்தில் முதலில் எழுகிற ஆட்சேபம் செலவைப் பற்றியதாகையால், அதை இங்கேயே தீர்த்துவிடுவது நலம். நாய்க்கென்று அன்றாடம் வைக்கிற சோற்றிலிருந்தும் ரொட்டியிலிருந்தும் ஒரு பங்கைப் பாடத்துக்காகப் பிரித்து எடுத்துக்கொள்வதே முறை. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. துணுக்கு ஒரு பயற்றம் பருப்பின் அளவுக்கு மேல் இருக்கலாகாது. நாய் மிகவும் விரும்புகிற பொருளொன்று வேண்டுமென்றால் அவித்த ஈரலோ, உப்புப் போகக் கழுவிய நெத்தலியோ கொஞ்சம் போதும். சொக்கிலேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சாதலால் அவற்றை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டுமென்பது இன்னொரு நிபந்தனை. தாய் 'குந்து' என்றும், தகப்பன் 'இரு' என்றும், பள்ளிக்கூடம் போகும் மகன் 'சிட்' என்றும் கட்டளையிடுகிற வீட்டில், மூன்று பாஷை கற்க வேண்டிய பாரம் நாயின் தலையில் விழுகிறது. சொல்லை முதலிலேயே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் பயனற்றது. நாய் உட்காரும் என்பது நிச்சயமான பிறகு, அது உட்காரப் போகும் தறுவாயில் சொல்லைச் சேர்த்தால், இரண்டும் தாமாகவே இணைந்துவிடும்.

பெட்டிச் செய்தி 1: முதல் ஆறு பாடங்கள்

ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரை. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. வயிறு நிறைந்த நாய்க்குப் பாடம் ஏறாது.

1. அறிமுகம்: நாய் எதையும் செய்ய வேண்டாம். 'டிக்', உடனே துணுக்கு. பத்துப் பதினைந்து தடவை. ஓசை கேட்டதும் அது உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் பாடம் முடிந்தது.

2. 'இரு': துணுக்கை மூக்கின் அருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னே நகர்த்துங்கள். தலை உயர, பின்புறம் தாழும். தரையைத் தொட்ட க்ஷணத்தில் 'டிக்'. சில தடவைக்குப் பின் வெறுங்கையால் அதே சைகை. அதன் பின் சொல்.

3. 'வா': இரண்டு அடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். உங்களை நோக்கி முதல் அடி வைக்கும்போதே 'டிக்'. தூரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள். வந்த நாயை எக்காரணத்தாலும் ஏசவோ அடிக்கவோ வேண்டாம்.

4. 'நில்': உட்கார்ந்த நாய் ஒரு விநாடி அசையாதிருந்தால் 'டிக்'. பிறகு இரண்டு விநாடி, ஐந்து விநாடி.

5. 'விடு': மூடிய கைக்குள் துணுக்கு. நாய் முகர்ந்து, நக்கி, சலித்து முகத்தைத் திருப்பும்போது 'டிக்'. சன்மானம் மறு கையிலிருந்து.

6. தொடப் பழகுதல்: கழுத்து, காது, பாதம், தொடை ஆகியவற்றை ஒரு விநாடி தொட்டு, அது பொறுத்துக்கொண்டால் 'டிக்'. ஊசிக்கு முன்னோடியான பாடம் இதுவே.

ஒரு 'டிக்' ஒலித்தால் ஒரு துணுக்கு கொடுத்தே ஆக வேண்டும், தவறுதலாக ஒலித்திருந்தாலும். ஓசையை நாயைக் கூப்பிடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாடம் நன்றாகப் படிந்த பின் ஓசையும் வேண்டாம். சொல்லும், இடையிடையே ஒரு துணுக்கும் போதும்.

ஊசியும் உயிரும்

இதெல்லாம் பொழுதுபோக்கான விளையாட்டென்று நினைப்பவர்கள், நீர்வெறுப்பு நோய் என்னும் விசர்நாய்க்கடி நோயின் சரித்திரத்தைச் சற்றே புரட்ட வேண்டும். இலங்கையில் இதற்கென முதற் சட்டம் 1893இலேயே பிறந்தது; நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. அக்காலத்துச் சட்டத்தின் பிரதான ஆயுதம், திரிகிற நாயைப் பிடித்துக் கொல்வது. அவ்விதம் பல தசாப்தங்களாகக் கொன்ற பின்பும் 1973இல் ஒரே ஆண்டில் 377 மனித உயிர்கள் இந்நோய்க்குப் பலியாயின. அதன் பின்னர் நோயை அடக்கியது, நாய்களுக்கு இலவசமாகப் பரவலாகப் போடப்பட்ட தடுப்பூசியும், கடியுண்டவர்க்கு ஆஸ்பத்திரிகளில் கிடைத்த சிகிச்சையுமே. 2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றது. அண்மைய ஆண்டுகளில் மரணங்கள் ஏறத்தாழ இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் நிற்கின்றன.

மிஞ்சிய அந்த இருபது முப்பது உயிர்களை மீட்பதுதான் இனி உள்ள கடினமான வேலை. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏறிவிட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. மருந்து இருக்கிறது, ஐஸ் பெட்டியோடு மலையேறி வர உத்தியோகத்தரும் இருக்கின்றனர், ஊசி முனைக்கும் நாயின் தோலுக்கும் நடுவே எஞ்சியிருப்பது, பிடிபட மறுக்கிற நாயின் பயமொன்றே. லயத்து நாய் தெருநாயுமல்ல, பங்களா நாயைப் போல் சங்கிலியில் வாழ்வதுமல்ல. ஒரு காம்பிராவில் சோறும், இன்னொரு வாசலில் தூக்கமும், மலை முழுவதும் சுதந்திரமுமாக வாழ்கிற அது, கழுத்தில் கயிறு விழுவதை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஊசி நாளில் மாத்திரமே காண்கிறது. அன்றைக்கு அது ஓடாமலிருந்தால்தான் ஆச்சரியம். 'வா', 'இரு', தொடப் பழகுதல் ஆகிய மூன்று பாடங்களை மட்டும் முன்கூட்டியே கற்ற நாய், பிடிப்பவரையும் கடிக்காது, எழுபது வீதத்துக்கு வெளியிலும் நிற்காது.

பெட்டிச் செய்தி 2: நீர்வெறுப்பு நோய்

* உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்குத் தொற்றுவதில் 99 வீதம் வரை நாய் மூலமே.
* சந்தேகத்துக்குரிய பிராணிகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்.
* நாயால் தொற்றும் இந்நோயினால் மனித மரணமே இல்லாத நிலையை 2030ஆம் ஆண்டுக்குள் அடைவது உலக நாடுகளின் இலக்கு.
* 1885 ஜூலை 6ஆம் தேதி லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். அவர் மறைந்த செப்டெம்பர் 28, உலக விசர்நாய்க்கடி தடுப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.
* நாய் கடித்தால்: காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சிறு கீறலானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றிய பின் அநேகமாகப் பிழைப்பில்லை.

ஒரே கூரையின் கீழ்

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே திண்ணையைப் பங்கிட்டு வாழ்கிற லயத்தில், ஒரு வீட்டு நாயின் குணம் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அது இரவு முழுவதும் குரைத்தால் விடிய முன் எழுந்து தேநீர் வைக்க வேண்டிய பத்துப் பெண்களின் தூக்கம் கெடுகிறது. அது ஒரு கோழியைப் பிடித்தால் இரண்டு குடும்பங்களின் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. அது ஒரு பிள்ளையைக் கடித்தால், தகப்பனோ தாயோ அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது, சிகிச்சை முடியும் வரை மறுபடியும் மறுபடியும் ஏற வேண்டியிருக்கிறது. சிகிச்சை இலவசமென்றாலும் இழந்த நாட்கூலியை எவரும் தருவதில்லை.

கடிக்கிற நாய்களிற் பெரும்பாலானவை கொடியவையல்ல, பயந்தவை. ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை அவதானித்து 1965இல் வெளியிட்ட நூலிலிருந்து, பிறந்த மூன்றாவது வாரம் தொடங்கிச் சுமார் மூன்று மாத வயதுக்குள் மனிதரின் கையையும் குரலையும் அறிந்த குட்டியே பின்னாளில் மனிதரை நம்பும் என்பது தெளிவாயிற்று. அந்த வாரங்களில் லயத்துக் குட்டி அறிவது என்ன? சிறுவர் காதைப் பிடித்துத் தூக்குவதையும், பெரியவர் காலால் ஒதுக்குவதையுமே பெரும்பாலும் அறிகிறது. அதே சிறுவர் கையில் ஒரு மூடியையும் சில துணுக்குகளையும் கொடுத்தால், குட்டிக்கு மனிதக் கை என்பது நல்ல செய்தியாகிறது. பாடம் சொல்லும் பிள்ளையும், தின்கிற நாயைத் தொடக் கூடாது, தூங்குகிறதை மிதிக்கக் கூடாது, உறுமினால் விலக வேண்டும் என்ற எச்சரிக்கைகளைத் தன் அனுபவத்தாலேயே கற்கிறது.

பதுளைச் சந்தையோரத்திலும் பஸ் நிலையத்திலும் கோவில் வாசலிலும் அட்டைப் பெட்டியோடு விடப்படும் குட்டிகளும், ஒன்றரை வயதில் 'இதற்கு அடங்க வராது' என்று தூரத்து டிவிசனில் கொண்டுபோய் விடப்படும் வளர்ந்த நாய்களும் இதே பிரச்சினையின் வேறு முகங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் நாய்ப் பெருக்கத்துக்குப் பரிகாரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சொல் கேட்கிற நாயை மனிதர் எளிதில் கைவிடுவதில்லை என்பதும் அனுபவத்தில் கண்டது.

சிறுத்தை நடமாடும் மலையில்

தேயிலையும் காடும் ஒட்டிக்கிடக்கிற மலைநாட்டில், இருட்டிய பின் வெளியே திரிகிற நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாயைத் தேடி லயத்தடிக்குச் சிறுத்தை வரத் தொடங்கினால், அடுத்து வருவது மனிதருடைய பயம். பயத்தைத் தொடர்ந்து சிறுத்தைக்கும் கேடு. காட்டுப்பன்றிக்கென்று வைக்கிற கம்பிக் கண்ணிகளிலும் நாயும் சிறுத்தையும் ஒருங்கே மாட்டுகின்றன. 2020 மே மாதத்தில் மத்திய மாகாணத்து லக்ஷபான தோட்டத்தில் கண்ணியிற் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை என்ற செய்தி நாடெங்கும் துக்கத்தை உண்டாக்கியது. ஊவாவின் காட்டோரத் தோட்டங்களும் இந்த அபாயத்துக்கு அப்பாற்பட்டவையல்ல.

ஒரே குரலில் திரும்பி வருகிற நாய் பன்றியின் பின்னால் கண்ணி வரை ஓடாது. தன் சாக்கின் மேல் படுத்திருக்கப் பழகிய நாய் இரவில் வாசலைத் தாண்டாது. 'வா' என்ற ஒற்றைச் சொல்லின் பயன், நாயின் உயிரோடு முடியாமல் காட்டின் எல்லை வரைக்கும் போகிறது.

ஆட்சேபங்களும் எல்லைகளும்

இது லஞ்சம் கொடுத்து வேலை வாங்குவதாகாதா என்று கேட்பவர் உண்டு. லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டப்படுவது. இங்கே உணவு வேலை முடிந்த பின் வருகிற கூலி. கூலியில்லாமல் உழைக்க மறுப்பதை எந்தத் தோட்டத்து மனிதரும் குற்றமென்று கருதமாட்டார்.

அடியாத மாடு படியாது என்று நம்மிடையே வழங்கும் வாக்கைச் சொல்லிக்காட்டுவோரும் உண்டு. பிரிட்டனில் 364 நாய் வளர்ப்போரை விசாரித்து 2004இல் வெளிவந்த ஆய்வு, சன்மானத்தால் பழகிய நாய்களிடம் கீழ்ப்படிதல் மிகுதியாகவும், தண்டனையால் பழகியவற்றிடம் தொல்லைகள் மிகுதியாகவும் இருக்கக் கண்டது. போர்த்துக்கலில் 92 நாய்களைச் சோதித்து 2020இல் வெளிவந்த ஆய்வு, தண்டனை மிகுந்த பள்ளிகளில் பயின்றவற்றின் உமிழ்நீரில் மனக்கலக்கத்தைக் காட்டும் சுரப்பு பயிற்சிக்குப் பின் உயர்ந்திருப்பதை அளந்து காட்டியது.

இவ்வளவு சொன்னபின், இம்முறையின் எல்லைகளையும் சொல்வதே நேர்மை. இத்தாலியில் 51 நாய்களை வைத்து 2016இல் வெளிவந்த பரிசோதனை, கருவியின் ஓசைக்கும், 'சபாஷ்' போன்ற ஒரு சொல்லுக்கும், உணவு மட்டும் கொடுப்பதற்கும் இடையே கற்கும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தைக் காணவில்லை. ஆகவே மூடியில் மந்திரம் எதுவும் இல்லை; சரியான க்ஷணத்தைத் தவறவிடாத கவனத்தைப் பழக்குபவருக்குக் கற்பிக்கிறது என்பதே அதன் பெரிய உபயோகம். ஸ்வபாவத்துக்கு விரோதமான பாடம் நிலைக்காது என்பதைப் பிரீலண்ட் தம்பதியே 1961இல் ஒப்புக்கொண்டு எழுதினர். உண்டியலில் காசு போடக் கற்பிக்கப்பட்ட ரக்கூன்கள், நாளடைவில் காசைப் போடாமல் உலோபிகளைப் போலக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தனவாம். காவலுக்கென்று பிறந்த நாயை ஊமையாக்கவும் இதனால் முடியாது. ஏற்கெனவே மனிதரைக் கடித்த நாயையும், திடீரெனக் குணம் மாறிய நாயையும் பிள்ளைகள் கையில் ஒப்படைப்பது ஆபத்து. அவை மிருக வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியவை.

தொடங்க வேண்டிய இடம்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊசி நாளை அறிவிக்கும்போது, முதல் நாள் மாலையில் அறிவிப்பதற்குப் பதிலாக மூன்று வாரம் முன்னதாக அறிவித்து, அதோடு 'வா', 'இரு', தொடப் பழகுதல் ஆகிய மூன்று பாடங்களையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தோட்டப் பாடசாலைகளில் கொடுக்கலாம். பதுளையிலேயே இருக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள், விடுமுறை நாளொன்றில் லயத்து முற்றத்தில் செய்து காட்டலாம். செப்டெம்பர் 28ஆம் தேதி நடக்கும் ஊர்வலங்களோடும் சொற்பொழிவுகளோடும், பிள்ளைகள் தம் நாய்களை உட்காரவைத்துக் காட்டுகிற ஒரு சிறு போட்டியையும் சேர்க்கலாம்.

இவை நடந்தால் நல்லது. நடக்கும் வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் கூரைத் தகடு மாற்றுவதற்கும், குழாய் போடுவதற்கும், காணித்துண்டு ஒன்றில் காய்கறி நடுவதற்கும் பங்களாவின் அனுமதிக்காகக் காத்திருந்தே தலைமுறைகள் கழிந்தன. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், நேரம் பிந்தினால் வேலையில்லை என்று அதட்டலையும் தண்டனையையும் அன்றாடம் சுமந்து, அவற்றால் மனிதர் மனம் திருந்துவதில்லை என்பதைத் தம் அனுபவத்திலேயே அறிந்த சமூகம் இது. அந்த அறிவைத் தம் வாசலில் படுத்திருக்கும் ஜீவனிடத்தில் பிரயோகிப்பதற்குத் துரையின் கையொப்பமும் வேண்டாம், அரசாங்கத்தின் சுற்றுநிருபமும் வேண்டாம். மாலையில் ஐந்து நிமிஷமும், ஒரு பிடி சோறும், ஒரு போத்தல் மூடியும் உள்ள எந்த வீட்டிலும் இன்றைக்கே முதற் பாடத்தைத் தொடங்கலாம்.